வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்த மதில்

போன வாரம் மகேஷ் போன் செய்தான். என் கீழே கிளார்க்காக வேலை பழகியவன், இப்போது வேறொரு தாலுகாவில் துணை தாசில்தார். ஒரு பாதைத் தகராறுக்குச் சமாதானக் கூட்டம் போட்டிருக்கிறார்களாம். ஒரு தரப்பின் முக்கியஸ்தர் துபாயில் இருக்கிறார். தான் வீடியோ காலில் கூட்டத்தில் உட்காருவதாகவும் தன்னைக் கேட்காமல் எதையும் முடிக்கக் கூடாது என்றும் சொல்கிறாராம். இதற்கு ஏதாவது விதி உண்டா என்று மகேஷ் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தவள் இன்றுவரை சொல்லவில்லை. வாயால் சொன்னால் கோபத்தில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சேர்ந்த முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கார்பன் தாளும் அதட்டலும்தான். பிறகு உதவியாளர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் துணை தாசில்தார். பெரும்பாலும் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துத் தாலுகாக்களில்தான் காலம் போனது. ரப்பரும் தென்னையும் நிற்கிற மேட்டு நிலம், வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து போன ஊர்கள்.

என் வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் சவூதியில் வெல்டிங் சூப்பர்வைசர். வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் எங்கள் குடும்பத்தின் எல்லா முடிவும் வெள்ளிக்கிழமைதான் நடக்கும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாடியில் ஓடு போடுவதா கான்கிரீட்டா, எல்லாவற்றுக்கும் அவர் போன் வர வேண்டும். வீட்டின் பக்கத்தில் ஒரு பலா நின்றது. வருஷா வருஷம் கூரைப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. வெட்டட்டுமா என்று கேட்டால், அது நேராக நிற்கிற மரம், வெட்ட வேண்டாம் என்பார். ஒரு தாலுகாவுக்கே உத்தரவு எழுதுகிற நான் ஒரு பலாமரத்துக்கு ரியாத்திலிருந்து உத்தரவு கிடைக்காமல் கிடந்தேன். அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்து, மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று அதைப் பார்த்தார். "இது இவ்வளவு சாஞ்சா நிக்குது?" என்று கேட்டார். நான் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் வீடு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் ஊர்க்கூட்டம் போட்ட ஊர்களெல்லாம், போன் மலிவானபோது கூட்டத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டன. பணம் அனுப்புகிறவர்கள் லைனில் இருக்கும்போது பேசினால்தானே மரியாதை. யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே பழகிவிட்டது.

சமாதானக் கூட்டம் நடத்துவது எப்படி என்று எனக்குக் கற்றுத்தந்தவர் பிள்ளை சார். தாசில்தார். நாஞ்சில் நாட்டு நெல்வயல் ஊர்க்காரர், நெற்றியில் திருநீறு காயாது. எங்கள் மேற்குப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு, "நீங்க பேசுதியளா, பாடுதியளா?" என்று கேலி செய்வார். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குரல் தாழ்ந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும்.

கூட்டத்துக்கு அவர் வைத்திருந்த முறை வேறு. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவிட மாட்டார். அந்தத் தரப்பில் ஒருவர், இந்தத் தரப்பில் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்காரவைப்பார். பக்கத்தில் இருப்பவன் எதிராளி என்றால் காதில் குசுகுசுக்க முடியாது. வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் போட்டு என் மேஜையில் வைத்துவிடுவார். முதல் ஒரு மணி நேரம் நான் பேனாவைத் தொடக் கூடாது. ஏசுகிறவர்கள் ஏசித் தீர்க்கட்டும் என்பார். பிறகு ஒவ்வொரு வரியாக நான் எழுதி உரக்க வாசிக்க, இரண்டு தரப்பும் வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். டீ கடைசியில்தான் வரும். "கையெழுத்துக்கு முந்தி குடுத்தா அது விருந்து, பெறவு குடுத்தாத்தான் சமாதானம்" என்பது அவர் கணக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "உம்ம வீட்டுக் கெணத்துல இப்பம் தண்ணி எவ்வளவு கெடக்கு?" ஊரில் தூங்கி எழுகிறவனுக்கு அது தெரியும். தெரியாதவனை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்வார். ஒரு கோயில் கொடைத் திருவிழாத் தகராறுக்கு அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த ஒருவர் பேச வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை. கிணற்றுக் கேள்விக்கு, அது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் தெரியும் என்றார். சார் அவரை மரியாதையாக வெளியே அனுப்பினார். மத்தியானத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டது. அந்த மனுஷர் வராந்தாவில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்ததை நினைத்து நாங்கள் ரொம்ப நாள் சிரித்தோம்.

இனி, இதை எழுதவைத்த ஊருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், மகேஷுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சின்ன ஊர். மேட்டில் ஆலயமும் நல்ல வீடுகளும், நடுவில் ஒரு குளம், குளத்துக்குக் கீழே பள்ளத்தில் கொஞ்சம் வீடுகள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் கூலி வேலைக்காரர்களும் பள்ளத்தில் இருந்தார்கள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் போக ஒரு ஓடை உண்டு. அது அரசாங்கப் புறம்போக்கு.

குவைத்தில் இருந்த அந்த ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, குளக்கரையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். நல்ல காரியம். அதைச் சுற்றி ஆள் உயர மதில் எழுப்பினார்கள். மதில் ஓடையின் குறுக்கே போய்விட்டது. அடுத்த மழைக்குக் குளம் நிறைந்ததும் தண்ணீருக்கு வழி இல்லை. கரையின் தாழ்ந்த பக்கம் ஏறி பள்ளத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கடுத்த வருஷமும் புகுந்தது. பள்ளத்துக்காரர்கள் மனு கொடுத்தார்கள். சர்வேயர் அளந்து, மதிலின் அந்தப் பகுதி ஓடையில்தான் நிற்கிறது என்று எழுதினார்.

சங்கத்தின் தலைவர் எட்வின். குவைத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் போர்மேன், ஊரைவிட்டுப் போய்க் கால்நூற்றாண்டு. அவர் பெயர் எனக்கு அதற்கு முன்பே தெரியும். பள்ளத்தில் எஸ்தர் என்று ஒரு அம்மா. பால் வெட்டுகிறவர். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர். மூத்த மகன் குவைத்துக்குப் போய், சேர்ந்த வருஷமே சாரம் சரிந்து இறந்துபோனான். அந்தச் சான்றுக்கும் இந்தச் சான்றுக்கும் எஸ்தர் எங்கள் அலுவலகத்துக்கு நடந்தபோது, அங்கே கம்பெனி வாசலிலும் தூதரக வாசலிலும் லீவு போட்டு நின்றவர் எட்வின். உடல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்ததே அவரால்தான். ஊரைவிட்டுப் போனவன் ஊரை மறந்துவிட வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்தப் பெட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர் மறந்திருந்தால் அந்தப் பையன் அங்கேயே மண்ணாகியிருப்பான்.

ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்தால் பதில், அப்பீல், தடையாணை என்று மாசக்கணக்கில் இழுக்கும். ஐப்பசி மழை வாசலில் நின்றது. அதனால் சார் சமாதானக் கூட்டம் போட்டார். சங்கத்தின் சார்பில் வந்தவர் எட்வினின் தம்பி ஜஸ்டஸ். ஊரிலேயே இருந்து அண்ணனின் ரப்பரையும் தாயையும் பார்த்துக்கொண்டவர். மெலிந்த உடம்பு. எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிற சுபாவம். பள்ளத்தின் சார்பில் எஸ்தர் வந்தார்.

சார் கிணற்றுக் கேள்வியைக் கேட்டார். ஜஸ்டஸ் சிரித்தார். எங்கள் கிணற்றை மூடி சிமெண்ட் தரை போட்டாகிவிட்டது, போர்வெல்தான் என்றார். "ஆனா சாரே, குளம் எவ்வளவு கெடக்குன்னு கேளுங்க, சொல்லுகேன். நெறைய இனி மூணு படிதான் பாக்கி." சார் தலையசைத்து அவரை உள்ளே உட்காரச் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஏச்சுப்பேச்சு ஒன்றும் இல்லை. சார் இரண்டு தடவை கேட்ட பிறகு எஸ்தர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "எனக்க மவன பெட்டியில வச்சு எனக்கு எத்திச்சுத் தந்தது அவியளாக்கும். அவியளுக்கு எதிரா நான் இஞ்ச வந்து இருக்குகதே தப்பு சாரே. ஆனா வெள்ளம் வந்தா, நடக்க முடியாத மனுஷன நான் ஒருத்தி எப்பிடித் தூக்குவேன்?"

ஜஸ்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஓடைக்கு நேரே ஒரு லாரி போகிற அகலத்துக்கு மதிலை எடுத்துவிடலாம், அவ்வளவுதானே என்று அவரே சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சார் என்னைப் பார்த்து எழுதச் சொன்னார். நான் முதல் வரியை எழுதி வாசித்தேன். எஸ்தர் சம்மதம் என்றார். அப்போது தாம்பாளத்தில் ஜஸ்டஸின் போன் துடிக்க ஆரம்பித்தது. பாத்திரத்தில் விழுந்த வண்டு போல ஒரே இரைச்சல். நிற்கும், மறுபடி தொடங்கும். திரையில் 'அண்ணன்' என்று வந்துகொண்டிருந்தது. ஜஸ்டஸின் வாயில் சம்மதம் என்ற சொல் பாதியில் நின்றது. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்றார்.

சார் தம் முறையை மீறியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். போனை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கூட்டத்துக்காக அன்று லீவு போட்டிருந்த எட்வின் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். "சார், நான் ஊருக்கு விரோதமா நிக்கல்ல. அந்த ஓடைய நான் சின்னதுல தாண்டிச் சாடி விளையாடுனவனாக்கும். முட்டளவு வெள்ளம்கூட அதுல வராது. ஒரு அறையில எட்டுப் பேரு கெடந்து மிச்சம் பிடிச்சுக் கட்டுன மதிலு சார். அவனுவகிட்ட கேக்காம ஒரு கல்லை எடுக்க எனக்கு உரிமை இல்ல. வெள்ளிக்கிழமை எல்லாரும் லைன்ல வருவானுவ. பேசி முடிச்சு, சனிக்கிழமை நானே ஜேசிபி ஏற்பாடு செய்து தாறேன்."

இதில் குற்றம் கண்டுபிடிக்க யாரால் முடியும்? முடியாது என்று அவர் சொல்லவில்லை. நாலு நாள் கேட்டார். ஆனால் எட்வினுக்குத் தெரிந்த ஊர் அவர் விட்டுப்போன ஊர். அவர் தாண்டிக் குதித்த ஓடைக்கு மேலே அப்போது காடும் வயலும் இருந்தன. இப்போது மேடு முழுக்க வீடும் கான்கிரீட் முற்றமும். பெய்கிற மழை ஒரு சொட்டுத் தங்காமல் நேராகக் குளத்துக்கு ஓடி வருகிறது. ஒவ்வொரு மழைக்கும் அதைப் பார்த்த ஜஸ்டஸ் அண்ணன் பேசும்போது வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சொல்லுக்கு மேல் சொல் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நல்ல வெயில். எஸ்தரிடம் கேட்டார். "வெள்ளிக்கிழமை வரட்டும் சாரே, அவிய சொன்னா செய்வாவ" என்று அந்த அம்மாவும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் தெரிவித்து சனிக்கிழமை மதில் அகற்றப்படும் என்று நான் எழுதினேன். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். டீ வந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. வியாழன் காலையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். சார் நேரம் விடிந்ததும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஜஸ்டஸை போனில் பிடித்து, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மதிலைத் திறந்துவிடும், நான் பொறுப்பு என்றார். அண்ணனைக் கேட்டுவிட்டு உடனே செய்கிறேன் என்றார் ஜஸ்டஸ். சார் குரல் இறங்கியது. "வே, குளம் உம்ம அண்ணன்கிட்ட கேட்டுட்டா நிறையும்?" என்று மட்டும் சொன்னார். ஜேசிபி அனுப்ப ஏற்பாடு செய்தோம். ரப்பர் மரம் விழுந்து ரோடு அடைபட்டு அது பாதி வழியில் நின்றது.

அங்கே நடந்ததை எஸ்தரிடம் பிறகு வாக்குமூலம் எழுதியபோது தெரிந்துகொண்டேன். ஜஸ்டஸ் குடையைப் பிடித்தபடி குளக்கரையில் நின்று, குவைத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். மணி போகிறது, எடுக்கவில்லை. அது அங்கே வேலை நாள். எட்வினின் ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தண்ணீர் மதிலின் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பள்ளத்தில் எஸ்தரின் வீட்டுக்குள் கட்டில் கால் மூழ்கத் தொடங்கியது. மற்ற ஆண்கள் தங்கள் வீட்டு வயதானவர்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஆள் தேடி மேலே ஓடி வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் ஜஸ்டஸ் குடையைக் கீழே போட்டார். போனை எஸ்தரின் கையில் கொடுத்தார். "அண்ணன் விளிச்சா, நான் இடிக்கேன்னு சொல்லுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துப் பக்கமாகப் போய்க் கடப்பாரையால் மதிலின் அடியில் குத்தினார்.

மேலே நின்று குத்தியிருக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் நின்றிருக்க வேண்டும். அவ்வளவு தண்ணீர் அந்தப் பக்கம் அழுத்தி நிற்கும்போது இந்தப் பக்கம் நிற்கக் கூடாது. கொஞ்சம் கல் பெயர்ந்தது. பிறகு மதில் மொத்தமாக அவர் மேல் சாய்ந்தது. தண்ணீர் அதன் மேல் ஏறி ஓடையில் பாய்ந்தது. பள்ளத்தில் வெள்ளம் அந்த நேரமே இறங்கத் தொடங்கிவிட்டது. எஸ்தரின் புருஷன் பிழைத்தார். பள்ளத்தில் ஒரு உயிரும் போகவில்லை.

ஆட்கள் ஓடிவந்து கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எஸ்தரின் கையில் போன் அடித்திருக்கிறது. ஆலையில் சாப்பாட்டு இடைவேளை. எட்வின் தவறிய அழைப்புகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். தம்பி குரல் இல்லை என்று தெரிந்தும், யார் என்றுகூடக் கேட்கவில்லை. "இடிக்கச் சொல்லுங்க, ஒடனே இடிக்கச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பாக்கண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இதை எஸ்தர் சொன்னபோது நான் பேனாவை வைத்துவிட்டேன். அரசாங்க வேலையில் அழக் கூடாது என்று நான் எனக்கே சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு அழுதேன்.

வெள்ளிக்கிழமை எட்வின் வந்து சேர்ந்தார். கூட்டம் போட வேண்டிய நேரத்தில் அடக்க ஆராதனை நடந்தது.

அதற்கடுத்த வாரம் ஜஸ்டஸின் மனைவிக்கு வாரிசுச் சான்று வாங்க எட்வினே அலுவலகம் வந்தார். பெரிய உருவம். குரலை மட்டும் கேட்டிருந்த எனக்கு அவ்வளவு நரை எதிர்பாராததாக இருந்தது. சார் பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பியை ஊற்றி அவரிடம் கொடுத்தார். எட்வின் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "எல்லாருட்டயும் ஒரு கேள்வி கேப்பியளாமே சார். தம்பி சொல்லிச் சிரிச்சான். எனக்கிட்ட கேளுங்க."

சார் கேட்கவில்லை. எட்வின் தாமே சொன்னார். "அடக்கத்துக்கு வந்த அன்னைக்கு, குளிக்க வெள்ளம் கோரலாம்னு வாளிய எடுத்துட்டுப் பின்னால போனேன். அங்க சிமெண்டு தரை கெடக்கு. கிணத்த மூட ரூபா அனுப்பினது நானாக்கும் சார். எனக்கு அது ஓர்மையே இல்ல." காப்பியை மேஜையில் வைத்தார். "இனி நான் ஊர்க்காரியத்த விட்டிரட்டா சார்?"

பிள்ளை சார் சட்டென்று பதில் சொல்லுகிறவர். அன்று முதலில் பிளாஸ்க்கைத் திருகி மூடி ஓரமாக வைத்தார். "விடுகதும் பிடிக்கதும் உம்ம இஷ்டம். பிடிக்கதா இருந்தா இஞ்ச வந்து நின்னு பிடியும்வே" என்றார். எட்வின் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் அன்றைக்கு அவர் விட்டுவிடுவதுதான் நல்லது என்று பட்டது. சனியன் ஒழிந்தது என்றுகூட மனதுக்குள் நினைத்தேன்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. சார் ஓய்வு பெற்று, மூன்றாம் வருஷம் காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. அதே மண்டபம். போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், பழகிய குடும்பம், தட்ட முடியவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மதிலைப் பார்த்தேன். மறுபடி நின்றது. முன்னைவிடத் தடிமனாக, உள்ளே கம்பி போட்டு, ஓடைக்குக் குறுக்கே அதே இடத்தில். அடியில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குப்பையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது. குளத்துப் பக்கம், வருகிறவர் போகிறவர் பார்க்கிற இடத்தில் ஒரு கருங்கல் பலகை. ஜஸ்டஸ் நினைவு மதில். அதன் கீழே பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், குவைத், கத்தார், மஸ்கட் என்று நாடு வாரியாக.

சாப்பாட்டுப் பந்தியில் எஸ்தர் இருந்தார். நரைத்துவிட்டார். புருஷன் போய்விட்டாராம். கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பலகையில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். இளைய மகன், கத்தாரில் டிரைவர். "எல்லாரும் குடுக்கும்ப இவன் மட்டும் எப்பிடிக் குடுக்காம இருப்பான் மேடம்? அங்க ஒரே அறையிலல்லா கெடக்கணும்." ஜஸ்டஸின் பெயரை எங்காவது நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று புதிய சங்கம் முடிவு செய்ததாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான்.

எட்வின் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மதிலுக்கு வானம் தோண்டும்பமே நானும் ஜஸ்டஸுக்க பெண்டாட்டியும் அவியள விளிச்சோம். அவிய ஒரு வார்த்த சொன்னா எல்லாவனும் அடங்குவான். அது எல்லாருக்கும் தெரியும். 'நான் ஊர்க்காரியத்த விட்டாச்சு அக்கா, எனக்கிட்ட கேக்காதுங்க'ன்னு வச்சிட்டாவ. பெறவு விளிச்சா எடுக்கவும் இல்ல."

மழைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மழை தொடங்கினால் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடப்போம் என்றார். பந்தியில் பாயசம் ஊற்றுகிறார்கள், வாருங்கள் என்று என்னை அழைத்தார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மகேஷ், நீ விதி கேட்டாய். பேசித் தாமதித்தவர் ஒரு சாவைக் கண்டார். அதே மனுஷர் பேசாமல் இருந்தபோது மதில் திரும்ப எழும்பியது. இதிலிருந்து விதி எழுத எனக்குத் தெரியவில்லை. துபாய்க்காரரை நீ வீடியோவில் உட்காரவைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. முடிவை மட்டும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளாதே. கூட்டத்துக்கு முன்னால் ஒருதரம் அந்த மண்டபத்துக்குப் போய் மதிலின் குளத்துப் பக்கம் நின்று பார். போன மழை நின்ற உயரத்துக்குச் சேறு ஒரு கோடு போட்டிருக்கிறது. ஜஸ்டஸின் பெயர் அதற்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.